கடல் வண்டிக்கு ஒத்திகை

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு இறங்கித் தெருமுனை வரை விறுவிறுவென்று நடக்கிறது. அங்கே நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறது. பிறகு சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? முதல் தடவை, வண்டியைத் தவறவிட்டுவிட்டார்கள் போல, பாவம், என்று தெரு உச்சுக்கொட்டியது. மறுநாள் காலையும் அதே பெட்டிகள், அதே நடை, அதே சிரிப்பு. வீட்டுக்குள் ஏதோ சண்டை, கோபித்துக்கொண்டு கிளம்புவதும் சமாதானமாகித் திரும்புவதுமாக இருக்கிறார்கள் என்று எதிர்வரிசை பால்கனிகள் காதைத் தீட்டிக்கொண்டன. அப்படியெல்லாம் இல்லை என்று தெரிந்தபோது பல பேருக்கு முகம் தொங்கிப்போனது. ஒத்திகையாம். ஊருக்குப் போவதற்கு ஒத்திகை!

"நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பாங்க. லீவுல ஊருக்குப் போக யாராவது பார்ப்பாங்களா?" என்று கேட்டாள் சலவைக்கடைக்காரி.

"அவங்க பார்த்துத்தான் ஆகணும்," என்று மருந்துக்கடையிலிருந்து பதில் வந்தது. தெருவே சிரித்தது. போன வருஷக் கதை எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் யாராவது இருந்தால், கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லாமல் விடுகிற தெருவும் அல்ல இது.

அந்த வீட்டு அம்மாள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஒரு குரல் வருமே, கொஞ்சம் தேன், கொஞ்சம் மிரட்டல் கலந்த மாதிரி, அது அவள் குரல்தான். எல்லா வண்டிக்கும் எல்லா நடைமேடைக்கும் அவளைப் பேசவைத்துப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அவள் அறையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் போதும், குரல் தானாக ஊரெல்லாம் போய்ச் சேரும். அதனால் தெரு அவளுக்கு வைத்த பெயர் கனிவு. முகத்துக்கு முன்னால் 'கனிவக்கா', முதுகுக்குப் பின்னால் வெறும் கனிவு.

போன வருஷம் இந்தக் கனிவு குடும்பத்தோடு, கடற்கரைக்குப் போகும் ரயிலான கடல் வண்டியில் போகக் கிளம்பினாள். நிலையத்துக்குப் பாதி வழியில் அவள் புருஷன் வாடகைக் காரை நிறுத்தச் சொல்லி, பால்கனிக் கதவைப் பூட்டினேனா இல்லையா என்று பார்க்கத் திரும்பி ஓடினார். பூட்டித்தான் இருந்தது. எல்லாருமாக அடித்துப் பிடித்து நிலையத்துக்குள் நுழைந்த நேரத்தில், கூரை ஒலிபெருக்கியில் கனிவே கனிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், கடற்கரை செல்லும் விடுமுறைச் சிறப்பு வண்டி இப்போது புறப்படுகிறது, அனைவருக்கும் இனிய பயணம் என்று. தன் குரலே தனக்கு டாட்டா காட்டுவதைக் கேட்டுக்கொண்டு பெட்டியோடு நின்றாளாம். இதை அவளே வந்து சொன்னதாகச் சலவைக்கடைக்காரி சத்தியம் செய்கிறாள். அவள் சொல்லவில்லை, கார் ஓட்டுநர் சொன்னார் என்பது வேறு விஷயம்.

தெரு சிரித்ததெல்லாம் கனிவுக்குத் தெரியும். சிரிக்கட்டும். ஆனால் தெருவுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும்: இந்த வருஷமும் தவறினால் இனி அந்த வண்டி அவளுக்கு இல்லை. விடுமுறை முடிந்ததும் அவளைச் சரக்கு நிலையத்துக்கு மாற்றுகிறார்கள். விடுமுறைக் காலத்தில் சரக்கு அதிகம், அதனால் அந்தப் பருவத்தில் அங்கே யாருக்கும் லீவு கிடையாது. கடல் வண்டியோ அந்தப் பருவத்தில் மட்டும்தான் ஓடும். இந்த வருஷத்துக் கடைசி ஓட்டத்துக்குத்தான் அவளுக்கு டிக்கெட் கிடைத்திருந்தது.

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கடற்கரை, கடற்கரை என்று சொல்கிற வாய். கண்ணால் பார்த்ததில்லை. போய் வருகிறவர்கள் கறுத்த முகமும் உப்புப் படிந்த தலையுமாக இறங்குவார்கள். அவர்கள் செருப்பிலிருந்து உதிர்ந்த மணலை நடைமேடை பெருக்குகிறவர்கள் திட்டிக்கொண்டே கூட்டுவார்கள். அந்த மணலை ஒரு தடவை கனிவு யாரும் பார்க்காதபோது விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறாள். பார்க்காதபோது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே ஒத்திகை.

இந்த ஒத்திகையில் மொத்தம் நான்கு பேர். கனிவின் புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நல்ல மனுஷர், வேலையில் கெட்டிக்காரர், ஆனால் உலகத்தில் எல்லாப் பொருளுமே ஒருவகை ஃபிரிட்ஜ்தான் என்பது அவருடைய உறுதியான எண்ணம். பெட்டி கட்டும்போதும் அப்படித்தான். கனமானது கீழே, அழுகக்கூடியது மேலே, நடுவில் காற்றுப் போக இடம். பெட்டியைப் படுக்க வைக்கவே விட மாட்டார்.

"படுக்க வச்சா உள்ள இருக்கறதெல்லாம் எடம் மாறிடும். நிமிர்த்தி வச்சு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தொறக்கணும்."

"ஏங்க, உள்ள இருக்கறது துண்டும் பல்பொடியும். கம்ப்ரசரா இருக்கு?"

"நீ சொல்லு. கடல்ல போயி கதவு தொறக்கலைன்னா என்கிட்டதானே வருவே?"

எந்தக் கதவு, எதற்குத் திறக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் இருக்கும். அந்தப் பெரிய பெட்டிக்கு வீட்டில் 'குட்டி ஃபிரிட்ஜ்' என்றே பெயராகிவிட்டது. அதற்குள் துணிகளுக்கு அடியில் டெஸ்டர், ஸ்பேனர், கறுப்பு டேப் சுருள், ஒரு கட்டு வயர், துணி உலர்த்த நைலான் கயிறு, இஸ்திரிப்பெட்டி, பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய டைமர் ஒன்று.

"டைமர் எதுக்குங்க?"

"தங்கற எடத்துல ஃபிரிட்ஜ் சரியில்லைன்னா?"

அடுத்தது நாத்தனார். கனிவின் புருஷனுக்கு மூத்தவர், அதே கட்டடத்தில் கீழ்வீட்டில் தனியாக இருக்கிறவர். பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, வலியில் துடிக்கிறவர்களைப் பார்த்து "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லியே தலை நரைத்தவர். அவசரம் என்ற சொல்லுக்கு அவரிடம் மரியாதை கிடையாது. போன வருஷம் வண்டி போனபோதும், "போனா போகுது, உட்காரும்மா" என்றுதான் சொன்னார். கனிவு அதை இன்னும் மறக்கவில்லை.

நாலாவது ஆள், மகள். கல்லூரி முதலாண்டு. தோளில் ஒரு பை மாட்டிக்கொண்டு, "என்னோடது இவ்ளோதான்" என்று கதவோரம் நிற்பாள். ஒரு பையில் எப்படி எல்லாம் அடங்கியது என்று கேட்டால், "மீதியெல்லாம் உங்க பெட்டில இருக்கும்மா" என்பாள்.

கனிவு எதையும் எழுதிவைத்துப் படிக்கிற ரகமல்ல. எல்லாவற்றையும் அறிவித்துவிடுவாள். பல வருஷப் பழக்கம், வீட்டிலும் அதே குரல்தான் வரும். "குடும்பத்தினரின் கவனத்திற்கு. கண்ணாடி உள்ள பொருட்களைத் துணிக்கு நடுவில் வைக்கவும். சார்ஜர்கள் அனைத்தும் ஒரே உறையில் போடப்பட வேண்டும். ஷாம்பூ மூடியை டேப் ஒட்டி அடைக்கவும். முதல் நாள் மாற்றுத்துணியை மேலாக வைக்கவும்." நல்ல யோசனைகள்தான், குறை சொல்ல முடியாது. சமையலறையில் நின்று சொன்னால் எதிர்வீட்டுக்காரர்கள்கூடத் தங்கள் பெட்டியை அப்படியே கட்டிக்கொள்ளலாம். சிலர் கட்டவும் செய்தார்கள்.

அவள் வீட்டில் இருக்கிறவர்கள் மட்டும் கட்டவில்லை. ஏனென்றால் அவர்களுக்குக் கேட்கவே இல்லை. நடிப்பில்லை, நிஜமாகவே கேட்காது. சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் அந்த வீட்டுக்காரர்களுக்குக் கேட்குமா? அதுபோல அந்தக் குரல் அவர்கள் காதுக்கு வெளியே வந்து நின்று, கதவு தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

"ஷாம்பூ மூடிக்கு டேப் ஒட்டினீங்களா?" என்று கேட்டாள் மூன்றாம் ஒத்திகையில்.

"எப்ப சொன்னே?"

"மூணு தடவை சொன்னேன்!"

"சொன்னாளாக்கா?"

"எனக்குத் தெரியாதுப்பா," என்றார் நாத்தனார். "ஏதோ ரயில் வருதுன்னு நெனச்சேன்."

கனிவு பல்லைக் கடித்துக்கொண்டு தானே டேப் ஒட்டினாள்.

ஒத்திகை என்றால் லேசுப்பட்டதல்ல. மாடியிலிருந்து பெட்டிகளைக் கீழே இறக்க வேண்டும். குட்டி ஃபிரிட்ஜுக்கு முன்னால் புருஷன், பின்னால் அவள். கைப்பைகளுக்கு மகள். வழி விலக்க நாத்தனார். படி திரும்புகிற இடத்தில் யார் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதுவரை பாடம் நடந்தது. பூட்டு, தண்ணீர்க் குழாய், பால்கனிக் கதவு எல்லாவற்றையும் இருவர் பார்த்து ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு தெருமுனை. கடிகாரம். திரும்பி வந்ததும் பெட்டிகளை நாத்தனாரின் கீழ்வீட்டிலேயே வைத்துவிட்டு, அடுத்த ஒத்திகைக்கு ஆளாளுக்கு ஒன்றாகச் சாவகாசமாக மேலே கொண்டுபோவார்கள். கடைசி ஒத்திகையில் படிகளில் அவர்கள் இறங்கிய அழகைப் பார்த்து இரண்டாவது மாடிக்காரர் கைதட்டினார். கனிவுக்கு வாயெல்லாம் பல்.

"இப்ப வரச் சொல்லுங்க வண்டிய," என்றாள்.

"வண்டி வரும். நீங்க போவீங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர் வாசலில் இருந்தபடி.

"போவோம் சார். போயி உங்களுக்கு ஒரு சங்கு வாங்கிட்டு வர்றேன். ஊதிக்கிட்டே இருங்க."

கிளம்பும் நாள் காலை. தெருவில் அன்று எல்லாருக்கும் என்னவோ பால்கனியில்தான் வேலை. துணி காய்ந்தது, செடிக்கு இரண்டு தடவை தண்ணீர் விழுந்தது. குடும்பம் பெட்டிகளோடு பட்டாளம் மாதிரி இறங்கியது. ஒரு முனகல் இல்லை, ஒரு 'ஐயோ' இல்லை. பால்கனிக் கதவு பூட்டப்பட்டது என்று புருஷனும், ஆமாம் பூட்டப்பட்டது என்று மகளும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்கள். கார் நகர்ந்தபோது சலவைக்கடைக்காரி தன்னை மறந்து கையாட்டிவிட்டாள்.

நிலையத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வண்டிக்கு இன்னும் எக்கச்சக்க நேரம் இருந்தது. முதல் நடைமேடை. கடல் வண்டி எப்போதும் முதல் நடைமேடையில்தான் நிற்கும், அது கனிவுக்குத் தூக்கத்திலும் தெரியும். விசிறிக்கு நேர் கீழே, குழாய்க்குப் பக்கத்தில், தங்கள் ரயில்பெட்டி வந்து நிற்கிற இடத்தைக் கணக்குப் பண்ணி நல்ல பெஞ்சாகப் பார்த்துப் பிடித்தாள். பெட்டிகளை வரிசையாக நிறுத்தினார் புருஷன், குட்டி ஃபிரிட்ஜ் செங்குத்தாக. ரொட்டியும் அவித்த முட்டையும் வெளியே வந்தன.

கனிவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் வேலை பார்த்த நிலையம், பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் வேறு இடமாக இருந்தது. கூரையில் புறா இருக்கிறது! தேநீர்க்காரருக்கு இவ்வளவு நல்ல மீசை இருக்கிறது! பக்கத்து பெஞ்சில் ஒருவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு குறட்டை விடுகிறார், அதுகூட அவளுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

"அக்கா, கடல் தண்ணி காலுல பட்டா மொதல்ல ஜில்லுனு இருக்குமாம். அப்புறம் காலுக்கு அடியில இருக்கற மணலை இழுத்துக்கிட்டு போகுமாம்," என்றாள் கனிவு.

"நம்மளையும் சேர்த்து இழுக்காம இருந்தா சரி. முட்டைக்கு உப்பு எங்கம்மா?"

"கடல்லதான் இருக்கே அத்தை," என்றாள் மகள். நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் நடைமேடையில் ஒரு சலசலப்பு. உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்தது. பெட்டிகள் உருண்டன, குழந்தைகள் கையைப் பிடித்து இழுக்கப்பட்டன, ஒரு பெரியவர் தொப்பியைத் தேடினார். எல்லாரும் மேம்பாலத்துப் படியைப் பார்த்து ஓடினார்கள்.

"பாருங்க கூத்தை," என்றாள் கனிவு காலை நீட்டிக்கொண்டு. "இதைத்தான் நான் சொல்றது. வண்டி எங்க வரும்னு தெரியாம வந்து உட்கார்ந்துக்கறது. கடைசி நேரத்துல குய்யோ முறையோன்னு ஓடறது."

"திட்டமிடல் கிடையாது," என்றார் புருஷன் முட்டையை உரித்துக்கொண்டே.

"நாமளும் எழுந்திருக்கணுமோ?" என்றாள் மகள் பாதி மனசாக.

"உட்காரு," என்றார் நாத்தனார். "கூப்பிடுவாங்க."

நடைமேடை காலியாயிற்று. விசாலமாக இருந்தது. நம்ம அதிர்ஷ்டம், கூட்டமே இல்லை என்று கனிவு சந்தோஷப்பட்டாள். புறாக்கள் இறங்கிவந்து ரொட்டித்தூளைக் கொத்தின. பக்கத்து பெஞ்சுக்காரர் துண்டை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். அவர் உள்ளூர் வண்டிக்குக் காத்திருக்கிறவர். இவர்களையும் பெட்டி வரிசையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எங்க போகணும்?"

"கடற்கரை," என்றாள் கனிவு. அந்தச் சொல்லை இன்றைக்குத்தான் தனக்காகச் சொல்கிறாள்.

"அப்புறம் ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்க? நாலாவதுக்கு மாத்திட்டாங்களே!"

"இல்லீங்க. அது எப்பவும் ஒண்ணாவதுதான். மாத்தினா சொல்வாங்க."

"சொல்வாங்களா? தூங்க விடாம அந்தப் பொம்பளை கத்து கத்துன்னு கத்திக்கிட்டு இருக்கே, உங்களுக்குக் கேக்கலையா?"

"எந்தப் பொம்பளை?"

"அதான், மேல. கனிவான கவனம் கனிவான கவனம்னு உயிரை வாங்குமே, அது."

கனிவுக்குச் சுருக்கென்றது. "கத்தறாளா? சார், அதுக்குப் பேரு கத்தறது இல்லை. ஏத்த எறக்கம்னு ஒண்ணு இருக்கு. அந்தக் குரலை எடுக்கறதுக்கு எத்தனை ஆளை வரவச்சு சோதிச்சாங்க தெரியுமா? கடைசில ஒரே ஒருத்தரைத்தான்…"

அங்கே நின்றது பேச்சு. நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். பல வருஷங்களில் முதல் தடவையாக, யாரோ ஒரு அந்நியப் பெண் பேசுவதைக் கேட்பதுபோலக் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

'...விடுமுறைச் சிறப்பு வண்டி, முதல் நடைமேடைக்குப் பதிலாக நான்காவது நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். பயணிகளின் கனிவான...'

கனிவு துள்ளி எழுந்தாள்.

"எழுந்திரிங்க! நாலாவது! நாலாவது!"

"யாரு சொன்னா?" என்றார் புருஷன், வாயில் முட்டையோடு.

"நான்தான் சொல்றேன், மேலேருந்து!"

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்த தேநீர்க்காரர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒத்திகைப்படியேதான் ஆரம்பித்தது. குட்டி ஃபிரிட்ஜுக்கு முன்னால் புருஷன், பின்னால் கனிவு, வழி விலக்க நாத்தனார். விலக்குவதற்குத்தான் அங்கே ஆளில்லை, எல்லாரும் எப்போதோ போய்விட்டார்கள். நடைமேடையில் பறந்தார்கள். மேம்பாலத்தடியில் வந்து நின்றார்கள்.

படிகள் மேலே போயின.

இத்தனை ஒத்திகையிலும் அவர்கள் இறங்கித்தான் பழகியிருந்தார்கள். ஒரு நாள்கூட எல்லாப் பெட்டியோடும் ஏறியதில்லை. இறங்கும்போது தானாக வருகிற பெட்டி, ஏறும்போது பிடிவாதக் குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டது. சக்கரம் ஒவ்வொரு படியிலும் முட்டியது. யார் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற பாடம் தலைகீழாயிற்று. முன்னால் போனவர் பின்னால் சாய்ந்தார், பின்னால் நின்றவள் நசுங்கினாள்.

"நிமிர்த்திப் பிடி! சாய்க்காதே, சாய்க்காதே!"

"ஃபிரிட்ஜ் இல்லைடா தம்பி அது!" என்று நாத்தனார் கீழிருந்து ஒரு பையால் பெட்டியை முட்டுக்கொடுத்துத் தள்ளினார். வாழ்நாளில் அவர் முதல் தடவையாக வேகமாக மூச்சு விட்டார். "ஐயோ, உட்கார்ந்தே இருந்திருக்கலாம்!"

பாதிப் படியில் ஒரு சமதளம். அங்கே வந்ததும் பெட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. கம்பிகளுக்கு நடுவில் நாலாவது நடைமேடை தெரிந்தது. நீல நிறத்தில் கடல் வண்டி. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. ஏறாதவர் யாரும் பாக்கியில்லை. கார்டு விசிலை எடுத்து வாயில் வைக்கிறார்.

புருஷன் இழுத்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "இன்னும் ஒரே ஒரு தம்! ஒரே தம்!" என்றார் அவர்.

கனிவு எப்போதும் போல உரக்க அறிவிக்கத்தான் வாயைத் திறந்தாள். மூச்சு வாங்கியதில் அந்தக் குரல் வரவில்லை. தேன் இல்லை, மிரட்டல் இல்லை. வந்தது ஒரு சின்ன, உடைந்த, கரகரத்த குரல். அவளுக்கே அது யாருடையதோ போலிருந்தது.

"விட்டுடுங்க."

மூன்று பேரும் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா சொன்னே?" என்றார் புருஷன். காதில் விழாமல் கேட்கவில்லை. கேட்டுவிட்டுத்தான் கேட்டார்.

"பெட்டி இருக்கட்டும். எல்லாத்தையும் விட்டுடுங்க. எனக்குக் கடல் பார்க்கணும்."

அவர் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தார், ஒரு கணம் பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு அந்த அவசரத்திலும் குட்டி ஃபிரிட்ஜைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ஓடு!" என்றார்.

மிச்சப் படிகளை அவர்கள் எப்படி ஏறினார்கள் என்று கேட்டால் நால்வருக்கும் நினைவில்லை. ஆனால் மறுபக்கத்துப் படிகளில் இறங்கிய அழகு இருக்கிறதே! பழகிய வேலை, கையில் பாரம் வேறு இல்லை. நாத்தனார் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினார். விசில் ஊதியது. சாத்தாமல் இருந்த கடைசிக் கதவில் மகள் முதலில் ஏறி அத்தையை இழுத்தாள், அத்தை தம்பியை இழுத்தார், தம்பி கனிவை இழுத்தார். அவள் கால் உள்ளே வந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

நால்வரும் நாக்குத் தள்ள மூச்சு வாங்கினார்கள். பேசுவதற்கு நாக்கு உள்ளே போக வேண்டுமே. பிறகு மகள் ஆரம்பித்தாள், அவள் சிரித்ததில் அத்தை சிரித்தார், எதிர் இருக்கைக்காரர்கள் விஷயம் தெரியாமலேயே சிரித்தார்கள். கனிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏறிட்டேன்! ஏறிட்டேன்!" என்று போகிற வருகிற மின்கம்பத்திடமெல்லாம் சொன்னாள்.

கணக்கெடுத்துப் பார்த்தார்கள். மகளின் தோள்பை, நாத்தனாரின் கைப்பை, கனிவிடம் டிக்கெட்டுகளும் போனும், புருஷனின் கையில் பாதி முட்டை.

அப்போது போன் அடித்தது. அறிவிப்பு அறையில் அவளுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும் புதுப்பெண்.

"மேடம், நீங்க நல்லபடியா ஏறிட்டீங்கல்ல? இங்க ஒரே கலாட்டா மேடம்! பாலத்துப் படியில யாரோ பெட்டிகளைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நான் உடனே உங்க பதிவைப் போட்டுட்டேன், கேட்பாரற்ற பொருட்களைத் தொடாதீர்கள்னு. ஒரு ஈ காக்கா கிட்ட வரலை! போலீஸ் வந்து சுத்திக் கயிறு கட்டியிருக்காங்க."

"அம்மாடி, அது நம்ம பெட்டிம்மா!"

அந்தப் பக்கம் ஒரு 'ஐயையோ' கேட்டது. பிறகு கனத்த குரல் ஒன்று போனை வாங்கியது. போலீஸ்காரர். பெரிய பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கனிவு போனைப் புருஷனிடம் நீட்டினாள்.

"துணிதான் சார். அப்புறம் ஸ்பேனர், டெஸ்டர்... கறுப்பு டேப்... வயர் ஒரு கட்டு... ஒரு டைமர்..."

"டைமரா?"

"ஃபிரிட்ஜ் டைமர் சார்! ஐஸ் கரைக்கறது! சார், ஒரு நிமிஷம், அதைப் படுக்க வைக்காதீங்க!"

அந்த ரயில்பெட்டியே சிரிப்பில் ஆடியது. கடைசியில் புதுப்பெண் ஜாமீன் நின்று, நாளை மாலை பார்சல் வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவதாகச் சொன்னாள். நிமிர்த்தி வைத்தே ஏற்றும்படி புருஷன் மூன்று தடவை கேட்டுக்கொண்டார்.

"அப்ப நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் போட்டிருக்கற துணிதானா?" என்றார் நாத்தனார்.

"ஆமாக்கா."

"சீப்பு?"

"இல்லை."

"சோப்பு?"

"இல்லை."

நாத்தனார் கொஞ்சம் யோசித்தார். "அடடா, தூக்கறதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று காலை எதிர் இருக்கையில் நீட்டினார். "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே."

மதியம் திரும்பிய வேளையில் காற்றின் வாசனை மாறியது. ஜன்னல் கம்பி பிசுபிசுத்தது. கனிவு எழுந்து வாசலுக்குப் போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "வந்துடுச்சா?" என்று அவள் கேட்டதில் எதிர் இருக்கைக் குழந்தையே அலுத்துப்போயிற்று.

இறங்கியதும் மற்றவர்களெல்லாம் பெட்டிகளை எண்ணிக்கொண்டும் வண்டி பேசிக்கொண்டும் நின்றார்கள். இவர்களுக்கு எண்ண ஒன்றுமில்லை. நேரே நடந்தார்கள். நடை ஓட்டமாயிற்று. கடைத்தெருவின் கடைசிக் கட்டடம் விலகியதும், இவ்வளவு நேரம் எங்கே ஒளிந்திருந்ததோ, மொத்தமாக அது அங்கே இருந்தது.

கனிவு செருப்பைக் கழற்றி எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஏம்மா, நில்லு! மாத்துத் துணி கிடையாது!" என்று நாத்தனார் பின்னாலிருந்து கத்தினார். "நனைஞ்சா நனைஞ்சதுதான்! அப்புறம் ராத்திரி பூரா..."

அதற்குள் கணுக்கால். முழங்கால். ஜில்லென்றது, அப்புறம் காலடி மணலை உருவிக்கொண்டு போயிற்று, சொன்னது சொன்னபடி. ஒரு அலை வந்து இடுப்பு வரை அடித்து, அவளை அரைச்சுற்றுச் சுற்றி நிறுத்தியது. கரையில் மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள், நனைந்துவிடாத தூரமாகப் பார்த்து.

"கூலிங் எப்படி?" என்று புருஷன் வாயைக் குவித்துக் கேட்டார்.

அவள் ஏதோ சொன்னாள். அலை அதை வாரிக்கொண்டு போய்விட்டது.

"என்ன?" என்று அவர் நாலடி முன்னால் வந்தார்.

மறுபடியும் சொன்னாள். மகள் கால்சட்டையை மடித்துக்கொண்டே ஓடிவந்தாள். "என்னம்மா? கேக்கலை!"

"என்ன சொல்றா அவ?" என்று நாத்தனார், துணியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, செருப்போடேயே தண்ணீருக்குள் இறங்கினார். "சத்தமா சொல்லும்மா, ஒண்ணும் விழலை!"

கனிவு சத்தமாகச் சொல்லவில்லை. அவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும் என்று நின்றாள்.